ஐன்ஸ்டீன் தோத்துட்டார்னு சொல்றாங்களே, பெல் டெஸ்ட்ல உண்மையில எது தோத்துச்சு?

2022ல ஃபிசிக்ஸ் நோபல் பரிசை, பெல் டெஸ்ட்ங்கிற குவாண்டம் சோதனைகளைச் செஞ்சதுக்காக, அலன் ஆஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர்னு மூணு பேருக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க. அதுல இருந்து குவாண்டம் பத்தி எந்த செய்தி வந்தாலும் ரெண்டு வரி கூடவே ஒட்டிக்கிட்டு வருது. ஒண்ணு, "ஐன்ஸ்டீன் சொன்னது தப்புன்னு நிரூபிச்சுட்டாங்க". இன்னொண்ணு, "ரெண்டு துகள் ஒளியை விட வேகமா பேசிக்குது". ரெண்டாவது சுத்தமா தப்பு. முதலாவது பாதி சரி, ஆனா எந்தப் பாதின்னு யாரும் சொல்றதில்ல, அதனால படிக்கிறவங்களுக்கு இது ஏதோ மாயாஜாலம் மாதிரி தெரியுது. விஷயம் மாயாஜாலம் கிடையாது, பிளஸ் டூ கணக்கு கூட வேண்டாம், பொறுமையா நாலு கேஸ் எண்ணத் தெரிஞ்சா போதும்.

பின்னல்னா என்ன

சில அணுக்கள்ல இருந்து ரெண்டு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், ஜோடியா கிளம்பும். ஒளிக்கு போலரைசேஷன்னு ஒரு குணம் இருக்கு, அது எந்த வாக்குல அதிருதுங்கிற திசை. கூலிங் கிளாஸ்ல இருக்கிற போலராய்டு மாதிரி ஒரு ஃபில்டரைக் குறுக்க வெச்சா ஃபோட்டான் ஒண்ணு உள்ள போகும், இல்ல போகாது, நடுவுல எதுவும் கிடையாது.

இந்த ஜோடியில ஒவ்வொண்ணையும் தனியா பார்த்தா, ஃபில்டரை எந்தக் கோணத்துல வெச்சாலும் போகுமா போகாதாங்கிறது பாதிக்குப் பாதி, காசு சுண்டுற மாதிரி. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே கோணத்துல ஃபில்டர் வெச்சா, இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கமும் போகும், இங்க போகலன்னா அங்கயும் போகாது. இந்த மாதிரி பிணைஞ்சு கிடக்குறதைத்தான் என்டாங்கிள்மென்ட்னு சொல்றாங்க, நாம பின்னல்னு வெச்சுக்கலாம்.

ஐன்ஸ்டீன் கேட்டது நியாயமான கேள்வி

1935ல ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் மூணு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை போட்டாங்க. இன்னைக்குப் புரியுற பாஷையில சொன்னா இப்படி: ஒரு ஜோடி செருப்பைப் பிரிச்சு ரெண்டு பார்சலா ரெண்டு ஊருக்கு அனுப்புறோம், ஒருத்தர் பார்சலைப் பிரிச்சு இடது கால் செருப்பைப் பார்த்த உடனே அடுத்த ஊருக்குப் போனது வலதுகால்னு தெரிஞ்சுடும், இதுல அதிசயமே இல்ல, ஏன்னா கட்டும்போதே எது எங்கன்னு முடிவாயிடுச்சு. ஃபோட்டானும் அப்படித்தான் இருக்கணும், கிளம்பும்போதே பதிலைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போகுது, குவாண்டம் தியரிக்கு அந்தப் பதில் தெரியல, அவ்வளவுதான். அதாவது தியரி முழுசாகலன்னு அவங்க வாதம். ஒளிஞ்சிருக்கிற அந்தப் பதிலுக்குத்தான் மறைமாறிகள்னு பேரு.

இதை முட்டாள்தனம்னு நினைக்கிறது பெரிய தப்பு. அன்னைக்குக் கையில இருந்த எந்த சோதனை முடிவும் இதை மறுக்கல. குவாண்டம் தியரியை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான நீல்ஸ் போர் அதே வருஷம் பதில் எழுதினார், ஆனா யார் சரின்னு லேப்ல பார்க்க ஒரு வழி இருக்குன்னு ரெண்டு பக்கமும் சொல்லல. கிட்டத்தட்ட முப்பது வருஷம் இது வெறும் தத்துவச் சண்டைன்னுதான் ஓரமா கிடந்துச்சு.

பெல் போட்ட கணக்கு

ஜான் பெல், பெல்ஃபாஸ்ட்ல பிறந்தவர், ஜெனீவா பக்கத்துல செர்ன்ங்கிற துகள் ஆராய்ச்சி மையத்துல வேலை பார்த்தார். 1964ல அவர் கண்டுபிடிச்சது என்னன்னா, செருப்புக் கதை உண்மையா இருந்தா ஒரு எண்ணைத் தாண்டவே முடியாது, குவாண்டம் கணக்கோ அந்த எண்ணைத் தாண்டுது. அப்போ எண்ணிப் பார்த்தா தெரிஞ்சு போகுமே! இதை 1969ல கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் நாலு பேரும் லேப்ல செய்யுற மாதிரி மாத்தி எழுதினாங்க. அதை ஒரு விளையாட்டா பார்க்கிறது சுலபம்.

ரெண்டு பேர், ரெண்டு ரூம், நடுவுல போன் கிடையாது. ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒவ்வொருத்தருக்கும் சிவப்பு அட்டையோ நீல அட்டையோ சீட்டுக் குலுக்கித் தருவாங்க, அடுத்தவருக்கு என்ன அட்டை வந்துச்சுன்னு தெரியாது. ரெண்டு பேரும் "ஆமா" இல்லன்னா "இல்ல"ன்னு ஒரு பதில் எழுதணும். ஜெயிக்கிற விதி:

1. சிவப்பு, சிவப்பு வந்தா ரெண்டு பதிலும் ஒண்ணா இருக்கணும்.
2. முதலாமவருக்கு சிவப்பு, ரெண்டாமவருக்கு நீலம்னா பதில் ஒண்ணா இருக்கணும்.
3. முதலாமவருக்கு நீலம், ரெண்டாமவருக்கு சிவப்புன்னாலும் ஒண்ணா இருக்கணும்.
4. ரெண்டு பேருக்கும் நீலம் வந்தா மட்டும் பதில் வேற வேறயா இருக்கணும்.

ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி எவ்வளவு வேணா பேசி வெச்சுக்கலாம். முதலாமவர் சிவப்புக்கு "ஆமா"ன்னு முடிவு பண்ணிட்டார்னு வைங்க. முதல் விதிப்படி ரெண்டாமவரும் சிவப்புக்கு "ஆமா". ரெண்டாவது விதிப்படி ரெண்டாமவரோட நீலமும் "ஆமா". மூணாவது விதிப்படி முதலாமவரோட நீலமும் "ஆமா". இப்போ நீலம் நீலம் வந்தா ரெண்டு பேரும் "ஆமா"ம்பாங்க, நாலாவது விதி அடி வாங்குது. எப்படி மாத்திப் போட்டாலும் நாலுல ஒண்ணு போயே தீரும், வேணும்னா ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, மொத்தமே பதினாறு வழிதான் இருக்கு. ரவுண்டுக்கு ரவுண்டு திட்டத்தை மாத்தினாலும் சராசரி ஏறாது. ஆக உச்சபட்சம் 75 சதவீதம்.

இதுல ஃபிசிக்ஸே வரலங்கிறதை கவனிக்கணும், பெல்லோட பலமே அங்கதான் இருக்கு. மறைமாறி எந்த மாதிரி இருந்தாலும், எவ்வளவு சிக்கலா இருந்தாலும், பதில் கிளம்பும்போதே கையில இருக்குன்னா 75தான் எல்லை.

இப்போ மனுஷங்களுக்குப் பதிலா பின்னின ஃபோட்டான் ஜோடியை அனுப்புறோம். அட்டை நிறம்தான் ஃபில்டர் கோணம். முதல் பக்கம் சிவப்புக்கு 0 டிகிரி, நீலத்துக்கு 45. ரெண்டாவது பக்கம் சிவப்புக்கு 22.5, நீலத்துக்கு மைனஸ் 22.5. முதல் மூணு கேஸ்லயும் ரெண்டு ஃபில்டருக்கும் இடையில 22.5 டிகிரிதான் வித்தியாசம், அதனால பதில் பெரும்பாலும் ஒத்துப்போகும், நாலாவது கேஸ்ல மட்டும் 67.5 டிகிரி, அதனால பெரும்பாலும் மாறிப்போகும். குவாண்டம் கணக்குப்படி நாலு கேஸ்லயும் ஜெயிக்கிற வாய்ப்பு 85.4 சதவீதம்.

75ஆ 85ஆ, சண்டை இதுல வந்து நிக்குது. ஆய்வுக் கட்டுரைகள்ல இதையே எஸ்னு ஒரு எண்ணா எழுதுவாங்க, 75 சதவீதம்னா எஸ் 2, 85.4ன்னா எஸ் 2.83. செய்தியில "பெல் எல்லையான 2ஐத் தாண்டியது"ன்னு வந்தா இதுதான் அர்த்தம்.

முதல் சோதனைகள்

1972ல பெர்க்லியில கிளாசரும் ஸ்டூவர்ட் ஃபிரீட்மனும் முதல்முறையா செஞ்சாங்க. கால்சியத்தை சூடாக்கி ஆவியாக்கி, அந்த அணுக்கள்ல இருந்து வர்ற ஒரு பச்சை ஃபோட்டானையும் ஒரு ஊதா ஃபோட்டானையும் ஜோடியா பிடிச்சாங்க. ஃபில்டருக்குக் கண்ணாடித் தகடுகளைச் சாய்ச்சு வரிசையா அடுக்கினது. கிட்டத்தட்ட 200 மணி நேரம் ஓட்டினாங்க. குவாண்டம் தோக்கும்னு ஆசைப்பட்டுத்தான் கிளாசர் இதுக்குள்ள வந்தார், வந்த முடிவு குவாண்டம் பக்கம், அதை அப்படியே வெளியிட்டார்.

எல்லாம் ஒரே நேர்கோட்டுல போகல. அதே காலத்துல ஹார்வர்டுல ஹோல்ட்டும் பிப்கினும் பாதரச அணுவை வெச்சு செஞ்சதுல குவாண்டத்துக்கு எதிரா முடிவு வந்துச்சு. ரெண்டு லேப், ரெண்டு பதில். 1976ல கிளாசர் அதே பாதரசத்தை வெச்சு திரும்ப செஞ்சு குவாண்டம் பக்கம்தான்னு காட்டினார், டெக்ஸாஸ்ல ஃபிரையும் தாம்சனும் செஞ்சதும் அதே பதில். ஒரே சோதனையோட முடிவை வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாதுங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஓட்டைகள்

75ஐத் தாண்டிடுச்சு, அப்புறம் ஏன் இன்னும் அம்பது வருஷம் இதையே திரும்பத் திரும்ப செஞ்சாங்க? ஏன்னா விளையாட்டுல ரெண்டு பேரும் திருட்டுத்தனம் பண்ணா 75ஐத் தாண்டலாம். இயற்கை திருட்டுத்தனம் பண்ணலன்னு உறுதி பண்ணணும்ல. முக்கியமா மூணு ஓட்டை:

1. ரகசிய சிக்னல். முதல் பக்க ஃபில்டர் கோணம் ரெண்டாவது பக்கத்துக்கு சாதாரண வேகத்துலயே, அதாவது ஒளி வேகத்துக்குள்ளயே, எப்படியோ தெரிஞ்சுட்டா? அதைத் தடுக்க ரெண்டு பக்கமும் தூரமா இருக்கணும், கோணத்தைக் கடைசி நொடியில மாத்தணும்.

2. பிடிபடாத ஃபோட்டான். பழைய டிடெக்டர்கள்ல நூத்துல சில ஃபோட்டான்தான் மாட்டும். தேர்தல் கருத்துக் கணிப்புல பேச மறுத்தவங்க எல்லாம் ஒரே கட்சிக்காரங்களா இருந்தா முடிவு எப்படி கோணலாகுமோ அப்படி, தப்பிச்ச ஃபோட்டான்கள்தான் தோக்க வேண்டியவையா இருந்திருந்தா? மிச்சத்தை மட்டும் எண்ணினா 85 வந்த மாதிரி தெரியும்.

3. சீட்டுக் குலுக்கல்ல கோளாறு. கோணத்தைத் தேர்ந்தெடுக்கிற மெஷினும் ஃபோட்டானும் முன்னாடியே எங்கயோ ஒரே மூலத்துல இருந்து பாதிக்கப்பட்டிருந்தா?

முதல் ஓட்டையை அடைக்க ஆரம்பிச்சது ஆஸ்பே. 1982ல பாரிஸ் பக்கத்துல ஓர்சேயில, 12 மீட்டர் இடைவெளியில, ஃபோட்டான் பறந்துக்கிட்டு இருக்கும்போதே 10 நானோசெகண்டுக்கு ஒரு தடவை அது எந்த ஃபில்டருக்குப் போகணும்னு மாத்தினார். 12 மீட்டரை ஒளி கடக்க 40 நானோசெகண்ட் ஆகும், அதனால இந்தப் பக்கத்து சேதி அந்தப் பக்கம் போறதுக்குள்ள விஷயம் முடிஞ்சுடும். ஆனா அவர் மாத்தினது ஒரு தாளத்துல, உண்மையான குலுக்கல் இல்ல. 1998ல இன்ஸ்ப்ரூக்ல சைலிங்கர் குழு 400 மீட்டர் தூரத்துல, நிஜமான குலுக்கலோட, எஸ் 2.73 எடுத்தாங்க, நம்ம கணக்குல 84 சதவீதம். முதல் ஓட்டை அடைபட்டுச்சு, ஆனா அங்க பிடிபட்டது நூத்துல அஞ்சு ஃபோட்டான்தான், ரெண்டாவது ஓட்டை அகலமா தொறந்து கிடந்துச்சு.

2001ல அமெரிக்காவுல போல்டர்ல ரெண்டு பெரிலியம் அயனியை, அதாவது மின்னூட்டம் ஏறின அணுவை, வெச்சு ரெண்டாவது ஓட்டையை அடைச்சாங்க, அயனி எங்கயும் தப்பிச்சுப் போகாது, ஒவ்வொரு தடவையும் பதில் வரும். ஆனா ரெண்டு அயனியும் ஒரே பொறிக்குள்ள பக்கத்து பக்கத்துல, அதனால முதல் ஓட்டை திரும்ப தொறந்துக்கிச்சு. ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே சோதனையில அடைக்க 2015 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

டெல்ஃப்ட், 245 ரவுண்டு

நெதர்லாந்துல டெல்ஃப்ட் யுனிவர்சிட்டியில ரொனால்ட் ஹான்சன் குழு செஞ்சதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கணும்.

கேம்பஸ்ல 1,280 மீட்டர் தள்ளி ரெண்டு லேப். ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன வைரம், ரொம்பக் குளிர வெச்சது. வைரத்துக்குள்ள கார்பன் இருக்க வேண்டிய ஒரு இடத்துல நைட்ரஜன் உட்கார்ந்து பக்கத்து இடம் காலியா இருந்தா, அங்க ஒரு எலக்ட்ரானோட ஸ்பின்னை, அதாவது சின்ன காந்தம் மாதிரி ஒரு திசையைக் காட்டுற அதோட குணத்தை, பிடிச்சு வெச்சு விளையாடலாம். ரெண்டு எலக்ட்ரானும் தலைக்கு ஒரு ஃபோட்டானை வெளிய விடும், அந்த ரெண்டு ஃபோட்டானும் ஃபைபர் வழியா நடுவுல இருக்கிற மூணாவது லேபுக்கு வந்து சந்திக்கும். சந்திப்பு சரியா அமைஞ்சா, ஒண்ணை ஒண்ணு பார்க்காத அந்த ரெண்டு எலக்ட்ரானும் பின்னிக்கும், நடு லேப்ல "ரெடி"ன்னு ஒரு சிக்னல் பதிவாகும். அந்த "ரெடி" வந்த ரவுண்டு எல்லாமே கணக்குல சேரும், ஒண்ணைக் கூட தள்ளக் கூடாது, அதனால ரெண்டாவது ஓட்டைக்கு வேலையே இல்ல. 1,280 மீட்டரை ஒளி கடக்க 4.27 மைக்ரோசெகண்ட் ஆகும், அவங்க கோணத்தைக் குலுக்கி அளந்து முடிக்க எடுத்துக்கிட்டது அதுக்கும் குறைவான நேரம், முதல் ஓட்டையும் போச்சு.

சிரமம் என்னன்னா இந்த "ரெடி" சராசரியா மணிக்கு ஒண்ணு கிடைச்சா பெருசு. 18 நாள்ல மொத்தம் 220 மணி நேரம் ஓட்டி 245 ரவுண்டு சேர்த்தாங்க. 75 சதவீதம்னா அதுல சுமார் 184 ஜெயிக்கணும். ஜெயிச்சது 196.

பன்னெண்டு ரவுண்டு வித்தியாசம்! அது தற்செயலா வர்றதுக்கு வாய்ப்பு எவ்வளவுன்னு கணக்கு போட்டா 3.9 சதவீதம், துகள் ஃபிசிக்ஸ்ல கேக்குற கறாருக்கு இது பத்தாது. அதனால அவங்களே திரும்ப ஒரு 300 ரவுண்டு ஓட்டினாங்க, அதுவும் எல்லையைத் தாண்டுச்சு. அதே 2015 கடைசியில வியன்னாவுல ஹாஃப்புர்க் அரண்மனையோட அடித்தளத்துல ஒரு குழுவும், போல்டர்ல ஒரு குழுவும், நாலுல மூணு ஃபோட்டானைப் பிடிக்கிற புது டிடெக்டர்களை வெச்சு கோடிக்கணக்கான ரவுண்டுக்கும் மேல ஓட்டி, தற்செயலுக்கு இடமே இல்லாத அளவுக்கு முடிவைக் காட்டினாங்க. வெவ்வேற நாடு, வெவ்வேற பொருள், ஒரே பதில். விஷயம் உறுதியாச்சுன்னு நான் எடுத்துக்கிறது இந்த மூணையும் சேர்த்துத்தான், டெல்ஃப்ட்டை மட்டும் வெச்சு இல்ல. 2023ல சூரிக்ல 30 மீட்டர் நீளக் குளிர்க் குழாய்ல சூப்பர்கண்டக்டிங் சர்க்யூட்டை வெச்சும் ஓட்டை இல்லாம செஞ்சுட்டாங்க, எஸ் 2.07, மயிரிழையில தாண்டுனது, ஆனாலும் தாண்டுச்சு.

மூணாவது ஓட்டையும் குவேசாரும்

குலுக்கல்ல கோளாறு இருந்தாங்கிற சந்தேகத்தை முழுசா அடைக்க முடியாது, பின்னாடி தள்ளத்தான் முடியும். 2018ல வெளியான சோதனையில கோணத்தைத் தேர்ந்தெடுக்குற வேலையை ரெண்டு குவேசாருக்கே, அதாவது ரொம்ப தூரத்துல பளிச்சுனு எரியுற விண்மீன் மண்டல மையங்களுக்கே, குடுத்துட்டாங்க. கேனரி தீவுகள்ல லா பால்மாவுல டெலஸ்கோப்பைத் திருப்பி, வர்ற ஒளி கொஞ்சம் சிவப்பா இருந்தா ஒரு கோணம், கொஞ்சம் நீலமா இருந்தா இன்னொரு கோணம். நம்ம விளையாட்டுல இருந்த அட்டை மாதிரியே. அந்த ஒளியில ஒண்ணு 780 கோடி வருஷம் முன்னாடியும், இன்னொண்ணு 1,220 கோடி வருஷம் முன்னாடியும் கிளம்பினது. யாராவது திருட்டுத்தனமா ஏற்பாடு பண்ணியிருந்தா, அது பூமியே உருவாகுறதுக்கு முன்னாடி நடந்திருக்கணும். அப்பவும் முடிவு குவாண்டம் பக்கம்தான்.

அப்போ ஒளியை விட வேகமா தகவல் போகுதா?

போகல. காரணம் ரொம்ப எளிசு. முதல் பக்கத்துல இருக்கிறவர் தன் நோட்டை மட்டும் பார்த்தா பாதி "ஆமா", பாதி "இல்ல", எந்த ஒழுங்கும் இல்லாத குப்பை. அடுத்த பக்கம் எந்தக் கோணத்தை வெச்சாலும், வைக்காமலே விட்டாலும், இந்த நோட்டுல ஒரு எழுத்து கூட மாறி வராது. 85 சதவீதம்ங்கிறது ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும், அந்த நோட்டை ஒரு எடத்துக்குக் கொண்டு வர சாதாரண போனோ ஈமெயிலோ வேணும், அது ஒளி வேகத்தைத் தாண்டாது. ஐன்ஸ்டீனோட சார்பியல் கொள்கைக்கு இதுல ஒரு கீறல் கூட விழல.

தோத்தது ரெண்டு நம்பிக்கையோட கூட்டணி. ஒண்ணு, அளக்குறதுக்கு முன்னாடியே பதில் அங்க இருக்குங்கிறது. ரெண்டாவது, இங்க செய்யுறது தூரத்துல இருக்கிறதை உடனே தொடாதுங்கிறது. ரெண்டையும் சேர்த்து வெச்சுக்க முடியாது, எதை விடணும்னு சோதனை சொல்லல. டேவிட் போம் வழியில போறவங்க முதல் நம்பிக்கையை வெச்சுக்கிட்டு ரெண்டாவதை விடுறாங்க, துகளுக்கு எப்பவும் ஒரு இடம் உண்டு, ஆனா தூரத்துத் தொடர்பு உண்டு. நீல்ஸ் போர் வழியில போறவங்க முதலாவதை விடுறாங்க. பல உலகங்கள்னு சொல்றவங்க, ஒரு அளவுக்கு ஒரே ஒரு பதில்தான் வரும்ங்கிறதையே விடுறாங்க. இவங்க எல்லாருக்கும் சோதனையில ஒரே எண்தான் வருது. "மறைமாறிகள் செத்துப்போச்சு"ன்னு செய்தியில வந்தா அதை நம்ப வேண்டாம், செத்தது உள்ளூர் மறைமாறிகள், அதாவது தூரத்துத் தொடர்பே இல்லாத வகை மட்டும்.

இதை வெச்சு என்ன செய்யுறாங்க

ரெண்டு பக்கமும் ரகசியமா பேசிக்க வழியில்லாம 75ஐத் தாண்டினா பதில் முன்கூட்டியே எங்கயும் எழுதி வைக்கப்படலன்னு அர்த்தம், அப்போ அதைத் திருடவும் முடியாது. ரகசியச் சாவி தயாரிக்கிறவங்களுக்கு இது பெரிய வரம், ஏன்னா மெஷினை யார் செஞ்சாங்க, உள்ள என்ன இருக்குன்னு நம்பவே வேண்டியதில்ல, ஜெயிச்ச சதவீதத்தைப் பார்த்தா போதும். 2010லயே மேரிலாண்டுல ஒரு மீட்டர் தள்ளி வெச்ச ரெண்டு அயனியில இருந்து இப்படி உத்தரவாதத்தோட 42 ரேண்டம் பிட் எடுத்தாங்க.

2022ல ஆக்ஸ்ஃபோர்டுல ரெண்டு அயனியை வெச்சு எட்டு மணி நேரத்துல 95,628 பிட் நீளச் சாவியை உண்மையிலேயே உருவாக்கிட்டாங்க, ஆனா அயனிகளுக்கு நடுவுல இருந்த தூரம் ரெண்டு மீட்டர். அதே சமயம் மியூனிக்ல 400 மீட்டர் தள்ளி இருக்கிற ரெண்டு அணுவை வெச்சு முயற்சி பண்ணாங்க, எல்லையைத் தாண்டுறதெல்லாம் நல்லா தாண்டுச்சு, ஆனா 75 மணி நேரம் ஓட்டியும் கிடைச்சது 3,342 ரவுண்டுதான், ஒரு சாவியை முழுசா எடுக்க அது பத்தல.